இங்கிலாந்தில் சின்ன ஆற்றில் ஒரு நாள் தூண்டில்: முதல் முறை போகிறவர்களுக்கு

வேலை செய்யும் இடத்தில் ஒருவரோடு புதிதாகப் பழக்கமாகிறது. பேச்சுவாக்கில் அவர் தூண்டில் போடுகிறவர் என்று தெரிகிறது. நமக்கோ ஊர் வாய்க்காலில் கெண்டை பிடித்த கை, சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை சேர்ந்து போகலாம் என்று முடிவாகிறது. அதற்கப்புறம்தான் தலைவலி. எந்த உரிமம், யாரிடம் அனுமதி, எந்த மாதம், பிடித்த மீனை என்ன செய்வது என்று நான் விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

லண்டனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு மோல் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். கேட்விக் விமான நிலையத்தை ஒட்டி ஓடி, டார்க்கிங், லெதர்ஹெட், கோபம் வழியாக வந்து, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிர்க்கரையில் தேம்ஸில் சேர்கிற ஆறு அது. பல இடங்களில் அக்கரையில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் பேசலாம், அவ்வளவுதான் அகலம். கிழக்கு லண்டன்காரர்களுக்கு எசெக்ஸ் பக்கமிருந்து வரும் ரோடிங் ஆறு இதே மாதிரி. சட்டம் இங்கிலாந்து முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்காட்லாந்தும் வடக்கு அயர்லாந்தும் வேறு கணக்கு, அங்கே இருப்பவர்கள் இதை நம்பிப் போக வேண்டாம்.

1. முதலில் தேதியைப் பாருங்கள்

இங்கிலாந்தின் ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, அந்த இரண்டு நாளும் சேர்த்து, கோர்ஸ் மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. கோர்ஸ் மீன் என்றால் சால்மன், ட்ரவுட் வகைகளை விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்கள்: சப், பார்பெல், ரோச், டேஸ், பெர்ச், பைக் எல்லாம். ஜூன் 16-ஆம் தேதி சீசன் திறக்கும்.

மே மாதம் இரண்டு வாரம் நல்ல வெயில் அடிக்கும், எல்லாருக்கும் ஆசை வரும். அப்போது நண்பர் தூண்டில் போடக் கூப்பிட்டால் அது பெரும்பாலும் குளமாகவோ கால்வாயாகவோ இருக்கும். பெரும்பாலான குளங்களுக்கும் கால்வாய்களுக்கும் இந்தத் தடை இல்லை. அதை வைத்து ஆற்றிலும் போடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீசன் திறக்கிற முதல் வார இறுதியில் கரை முழுக்க ஆள் இருக்கும். ஜூன் கடைசி வாரமோ ஜூலை முதல் வாரமோ என் தேர்வு. ஆகஸ்டில் தண்ணீர் குறைந்து, பாசியும் நீர்ச்செடியும் அடைத்துக்கொள்ளும். மோல் ஆற்றில் இன்னொரு விசேஷமும் உண்டு: டார்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் நடுவே சுண்ணாம்புப் பாறைத் துளைகள் வழியாகத் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும், வறண்ட கோடையில் சில இடங்களில் ஆறு ஓடை மாதிரி ஆகிவிடும். கிளம்பும் முன் அரசாங்கத்தின் ஆற்று நீர்மட்டப் பக்கத்தில் அந்த ஆற்றின் பெயரைப் போட்டு மட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இலவசம்தான்.

2. உரிமம் ஆளுக்கொன்று

13 வயது நிரம்பிய யாரும் தூண்டிலைத் தண்ணீரில் போடும் முன் ராட் லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். கொடுப்பது அரசின் சுற்றுச்சூழல் அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சி, வாங்குவது கவ் டாட் யுகே தளத்தில். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனால் பதிவு செய்துதான் ஆக வேண்டும். அதற்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லை. 66 வயதைத் தாண்டியவர்களுக்கும் சில மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆண்டு உரிமத்தில் தள்ளுபடி உண்டு, அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருந்தால் ஞாபகம் வையுங்கள்.

நமக்கு வேண்டியது ட்ரவுட்டும் கோர்ஸும் சேர்ந்த, இரண்டு தூண்டில் வரைக்குமான உரிமம். ஒரு நாளுக்கு 7 பவுண்டு அளவில், 8 நாளுக்கு 15 பவுண்டு அளவில், ஓர் ஆண்டுக்கு 35-லிருந்து 40 பவுண்டுக்குள் வரும். அவ்வப்போது கொஞ்சம் ஏற்றுவார்கள், வாங்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கோடையில் ஐந்தாறு தடவை போவோம் என்று தோன்றினால் ஆண்டு உரிமமே லாபம். மூன்று தூண்டிலுக்கானது, சால்மனுக்கானது என்று விலை கூடிய வகைகளும் பட்டியலில் இருக்கும், அவை வேண்டாம்.

பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல், வங்கி அட்டை இருந்தால் பத்து நிமிட வேலை. விசா வகை எதுவானாலும் பிரச்சினை இல்லை, மாணவரும் வாங்கலாம், சுற்றுலா வந்தவரும் வாங்கலாம். முடித்ததும் மின்னஞ்சலில் ஓர் எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆற்றங்கரையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

இங்கே புதியவர்கள் மாட்டும் பொறிகள் மூன்று.

ஒன்று, தேடுபொறியில் முதலில் வருகிற தளத்தில் வாங்குவது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டி, மேலே கட்டணம் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். முகவரியில் கவ் டாட் யுகே என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்டை எண்ணைப் போடுங்கள்.

இரண்டு, ஒரு நாள் உரிமம் என்பது நீங்கள் சொல்கிற நேரத்திலிருந்து 24 மணி நேரம். சனிக்கிழமை காலைப் பயணத்துக்கு வெள்ளிக்கிழமை மதியம் வாங்கி, உடனே தொடங்கட்டும் என்று அழுத்திவிட்டால் சனிக்கிழமை மதியமே முடிந்துவிடும். மாலை மீன் கடிக்கும் நேரத்தில் உங்களிடம் உரிமம் இருக்காது. தொடங்கும் தேதியையும் நேரத்தையும் நீங்களே குறிக்கலாம், குறித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் நண்பரோடு போகிறவர்களுக்கு முக்கியம். "என்னிடம் உரிமம் இருக்கிறது, என் தூண்டிலைக் கொஞ்ச நேரம் நீ பிடி" என்று நண்பர் பிரியமாக நீட்டுவார். அவருடைய உரிமம் இரண்டு தூண்டிலுக்குச் செல்லும், ஆனால் இரண்டு ஆளுக்குச் செல்லாது. அது பேருக்குக் கொடுப்பது, கைமாற்ற முடியாது. உரிமம் இல்லாமல் தூண்டில் போட்டால் அபராதம் 2,500 பவுண்டு வரை போகலாம். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எதுவும் வேண்டாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் மீன் இழுக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார நம்மால் ஆகாது. 7 பவுண்டுதானே, வாங்கிவிடுங்கள்.

3. உரிமம் வேறு, அனுமதி வேறு

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. உரிமம் என்பது தூண்டில் போட அரசாங்கம் கொடுப்பது. இந்த ஆற்றின் இந்தக் கரையில் போடலாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் வேறு. ஊரில் ஆறு பொது என்ற நினைப்பிலேயே நாம் வளர்ந்திருக்கிறோம். இங்கே சின்ன ஆறுகளில் மீன்பிடிக்கும் உரிமை கரை நிலத்துக்காரரிடமோ, அவரிடம் குத்தகைக்கு எடுத்த தூண்டில் சங்கத்திடமோ இருக்கும். ஒரு வயல் ஒரு சங்கத்தினுடையது, வேலியைத் தாண்டினால் அடுத்த வயல் இன்னொருவருடையது. நடைபாதை ஆற்றை ஒட்டியே போகும், நீங்கள் தாராளமாக நடக்கலாம், ஆனால் அங்கே நின்று தூண்டில் போட உங்களுக்கு உரிமை இல்லை. பூங்காவுக்குள் ஓடுகிற ஆறும் அப்படியே: சில பூங்காக்களில் இலவசமாக விடுகிறார்கள், சிலவற்றில் முழுத் தடை. பலகையைத் தேடுங்கள். பலகை இல்லையென்றால் அனுமதி உண்டு என்று அர்த்தமில்லை.

அனுமதி வாங்க மூன்று வழி இருக்கிறது.

சங்கத்தின் ஒரு நாள் சீட்டு. பெரும்பாலும் 8 முதல் 15 பவுண்டு. இணையத்தில் விற்கும் சங்கங்களும் உண்டு, ஊரிலுள்ள தூண்டில் கடை மூலமாக மட்டுமே விற்கிறவையும் உண்டு. இதில் பொறி, பல சங்கங்களில் முன்கூட்டியே வாங்க வேண்டும், கரையில் வந்து காசு கொடுக்கலாம் என்று நினைத்துப் போனால் நடக்காது. கடை மூலம் விற்றால் கடை திறக்கும் நேரத்தைக் கேளுங்கள், ஒன்பது மணிக்குத் திறக்கிற கடையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஐந்து மணி மீனைப் பிடிக்க முடியாது. வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

விருந்தாளிச் சீட்டு. நண்பர் ஏற்கெனவே ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், வருடத்துக்குச் சில தடவை விருந்தாளியைக் கூட்டிவரச் சில சங்கங்கள் அனுமதிக்கும். இதுதான் ஆகச் சிறந்த வழி. ஒரு நாள் சீட்டே விற்காத, கூட்டமில்லாத நல்ல கரைகள் இப்படித்தான் கிடைக்கும். ஆனால் நண்பரே முன்வந்து சங்கத்தில் கேட்டால்தான் உண்டு, பலருக்குத் தங்கள் சங்கத்தின் விருந்தாளி விதியே தெரியாது. வாய்வார்த்தையை நம்பாமல் உறுப்பினர் புத்தகத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விருந்தாளி தனியாக உட்காரக் கூடாது, உறுப்பினரோடுதான் இருக்க வேண்டும் என்ற விதி வழக்கமாக இருக்கும். நண்பர் மதியமே கிளம்பினால் நீங்களும் கிளம்ப வேண்டியதுதான்.

மூன்றாவது, நீங்களே உறுப்பினராவது. சின்ன சங்கங்களில் வருடத்துக்கு 50-லிருந்து 100 பவுண்டு வரை பார்க்கலாம், முதல் வருடம் சேர்க்கைக் கட்டணம் தனியாக இருக்கலாம், புகைப்படம் கேட்கலாம், விண்ணப்பம் முடிய ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். முதல் பயணத்துக்கு இது தேவையில்லை. பிடித்துப்போனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

சீட்டு கையில் வந்ததும் அதிலுள்ள விதிகளைப் படியுங்கள். முள்ளில் எதிர்முனை இல்லாத பார்ப்லெஸ் முள்தான், பிடித்த மீனைப் போட்டுவைக்கும் கீப்நெட் வலை கூடாது, நெருப்பு மூட்டக் கூடாது, பாட்டு போடக் கூடாது, இருட்டிய பிறகு இருக்கக் கூடாது என்று சங்கத்துக்குச் சங்கம் மாறும். பார்பிக்யூ அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்த் திட்டு வாங்காதீர்கள்.

கரையில் இரண்டு விதமான ஆட்கள் வந்து கேட்கலாம். ஏஜென்சியின் அதிகாரி உரிமத்தைக் கேட்பார், பெயரும் முகவரியும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் கரைக் காவலரான பெய்லிஃப் சீட்டைக் கேட்பார். பயப்பட ஒன்றுமில்லை, அடையாள அட்டை ஒன்றோடு இரண்டையும் தொலைபேசியில் வைத்துக்கொண்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும், பல பெய்லிஃப்கள் எங்கே மீன் நிற்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

4. குழம்பு வைக்கலாமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சட்டப்படி பார்த்தால் ஆற்றிலிருந்து ஒரு நாளைக்கு 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்ன மீன்கள் 15 வரை, 65 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பைக் ஒன்று, 30-லிருந்து 38 சென்டிமீட்டர் வரையுள்ள கிரேலிங் இரண்டு எடுக்கலாம். விலாங்கு எடுக்கவே கூடாது, மாட்டினால் உடனே விட வேண்டும்.

இதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்காதீர்கள். அந்த அளவுக்குள் எடுப்பதற்கும் கரையின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், ஏறக்குறைய எந்தச் சங்கமும் சம்மதிக்காது. சம்மதமில்லாமல் எடுத்தால் சட்டத்தின் பார்வையில் திருட்டு. உங்களை விருந்தாளியாகக் கூட்டிவந்த நண்பரின் உறுப்பினர் பதவியும் அதோடு போகலாம். புதிய நட்பை இதைவிட வேகமாக முறிக்க வேறு வழி எனக்குத் தெரியாது. இங்கே மீன் பிடிப்பது விடுவதற்காக. முதலில் நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும், ஒரு நாள் பழகினால் சரியாகிவிடும். தவிர, சப் மீன் முழுக்க முள், சுவையும் கிடையாது. மீன் குழம்பு வேண்டுமென்றால் திரும்பும் வழியில் டூட்டிங்கில் இறங்கி வஞ்சிரம் வாங்குங்கள்.

சிக்னல் கிரேஃபிஷ் என்றொரு நண்டு மாதிரி உயிரினம் இந்த ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்து உள்ளூர் வகையை அழித்துவிட்டது. பார்த்ததும் நாக்கு ஊறும். பொறி வைத்துப் பிடிக்க ஏஜென்சியிடம் தனி அனுமதி வேண்டும், உயிரோடு வீட்டுக்குக் கொண்டுவருவதும் குற்றம். விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் பிடிபட்ட சிக்னலைத் திரும்ப ஆற்றில் விடுவதும் தடை. அதைத் தேடிப் போகாமல் இருப்பதே உத்தமம், தூண்டிலில் தொற்றிக்கொண்டு வந்தால் நண்பரிடம் ஒப்படையுங்கள்.

5. சாமான்கள்

முதல் பயணத்துக்கு எதையும் வாங்காதீர்கள், நண்பரிடம் இரண்டாவது தூண்டில் நிச்சயம் இருக்கும், இந்த நாட்டுத் தூண்டில்காரர்கள் வீட்டில் சாமானுக்குப் பஞ்சமே கிடையாது. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் 10, 11 அடித் தூண்டிலும் ரீலும் சேர்ந்த தொகுப்பு 40-லிருந்து 60 பவுண்டுக்குக் கிடைக்கும். கரை முழுக்க மரமும் புதரும் அடர்ந்திருந்தால் 9 அடியே வசதி. நரம்பு 5 அல்லது 6 பவுண்டு எடை தாங்குவதாக இருக்கட்டும், வேருக்குள் ஓடுகிற சப் மீனை நிறுத்த அதற்குக் குறைந்தால் ஆகாது. ரொட்டிக்கு 10-ஆம் எண் முள், புழுவுக்கு 16. எண் கூடக் கூட முள் சின்னதாகும், கடையில் குழம்பாதீர்கள்.

மீனை அள்ளும் கைவலை கட்டாயம், நீளக் கைப்பிடியோடு. வலை முடிச்சில்லாத துணி வகையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். முள் எடுக்கும் குச்சி ஒரு பவுண்டு, அதை வாங்கிச் சட்டைப்பையில் போடுங்கள். மீனைக் கிடத்தும் பஞ்சுமெத்தை மாதிரி ஒரு விரிப்பு, 10-லிருந்து 20 பவுண்டு, இல்லாமல் பல சங்கங்கள் விடாது.

ஈயக் குண்டை ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தால் அது வீட்டிலேயே இருக்கட்டும். 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயக் குண்டுகள் இங்கே தடை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் வந்த சட்டம். விஷமில்லாத குண்டு என்று கேட்டு வாங்குங்கள்.

போலராய்டு கண்ணாடி ஒன்று. தண்ணீரின் மினுமினுப்பை வெட்டி மீனைக் காட்டும். சின்ன ஆற்றில் தூண்டிலைவிட இதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

6. இரை

வெள்ளை ரொட்டி ஒரு பாக்கெட், மலிவானது போதும். டின் ஸ்வீட்கார்ன் ஒன்று. தூண்டில் கடையில் மேகட் எனப்படும் ஈப்புழு அரை பைன்ட், 2, 3 பவுண்டு. மூன்றும் சேர்ந்து 5 பவுண்டைச் சுற்றித்தான் ஆகும்.

மேகட் டப்பாவின் மூடியைச் சோதியுங்கள். காற்றுத் துளை வேண்டும், ஆனால் ஈரமானால் அவை சுவரில் ஏறும். வெயிலில் விட்டால் கூட்டுப்புழுவாகிவிடும், அதனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள். சொல்ல தைரியம் இல்லையென்றால் அன்று காலையில் வாங்குங்கள், அல்லது ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சப் மீனுக்கு ரொட்டியே தாராளம்.

7. பயணமும் நேரமும்

டார்க்கிங்குக்கும் லெதர்ஹெட்டுக்கும் வாட்டர்லூவிலிருந்தும் விக்டோரியாவிலிருந்தும் ரயில் உண்டு, டார்க்கிங்குக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி. இரண்டும் லண்டன் மண்டலங்களுக்கு வெளியே, ஆய்ஸ்டர் அட்டை செல்லாது. போக வர 10-லிருந்து 20 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பாதை வேலை என்று பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், நீளத் தூண்டிலோடு அது நரகம். சனிக்கிழமை போங்கள். ஒரே நண்பரோடு அடிக்கடி போவதாக இருந்தால் டூ டுகெதர் ரயில் அட்டையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், இருவர் படமும் போட்டு வருடத்துக்கு 35 பவுண்டு, வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. பழகி ஒரு மாதம்தான் ஆகிறது என்றால் சேர்ந்து படம் போட்ட அட்டை கொஞ்சம் அவசரம், பொறுங்கள்.

நண்பரிடம் கார் இருந்தால் பெட்ரோலில் பாதியைப் பேசிவிட்டு ஏறுங்கள். இங்கே அதைக் கேட்க மாட்டார்கள், எதிர்பார்ப்பார்கள்.

ஜூன் கடைசியில் சூரியன் ஏறக்குறைய 4.45-க்கு உதித்து 9.20-க்கு மறையும். மீன் நன்றாகக் கடிப்பது விடிந்து மூன்று மணி நேரம், அப்புறம் மறையும் முன் இரண்டு மணி நேரம். பதினோரு மணியிலிருந்து நாலு மணி வரை வெயிலில் ஆறு செத்துக் கிடக்கும். முதல் ரயில் பிடித்துப் போனாலும் காலைக் கடி பாதி போயிருக்கும், ஆகவே ரயிலில் போகிறவர்கள் மதியம் மூன்று மணிக்குப் போய் மாலையைப் பிடிப்பதே நல்லது. சீட்டில் எத்தனை மணி வரை என்று போட்டிருக்கிறதோ அதையும் கடைசி ரயிலையும் சேர்த்துப் பாருங்கள்.

8. கரையில் இரண்டு பேர், ஒரு தூண்டில்

பெரிய ஆறென்றால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு தூண்டில் போடலாம். சின்ன ஆற்றில் அப்படிச் செய்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. தண்ணீர் முழங்கால் ஆழம், கண்ணாடி மாதிரித் தெளிவு, நீங்கள் மீனைப் பார்க்கும் முன் அது உங்களைப் பார்த்துவிடும். இருவரும் ஒரே தூண்டிலோடு, ஒரே பையோடு, நடந்துகொண்டே இருப்பதுதான் முறை. ஒருவர் போடுகிறார், மற்றவர் பின்னால் நின்று மீனின் அசைவைப் பார்த்துச் சொல்கிறார். ஒரு மீன் கிடைத்தால், அல்லது ஒரு இடம் கலைந்தால், கை மாறுகிறது. பேச நிறைய நேரம் கிடைக்கும், மெதுவாகப் பேசினால் போதும், மீனைக் கலைப்பது குரலைவிட மிதிக்கும் காலும் தண்ணீரில் விழும் நிழலும்தான்.

மீன்கள் வரும் இரைக்காக நீரோட்டத்தை எதிர்த்து மேற்பக்கம் பார்த்து நிற்கும். ஆகவே கீழிருந்து மேல்நோக்கி நடந்தால் பின்னாலிருந்து வருகிறீர்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கரையை நெருங்கும்போது குனிந்து, கடைசி இரண்டு மூன்று அடி முட்டி போட்டுப் போகலாம், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

எங்கே போடுவது? தண்ணீரைத் தொட்டுக்கொண்டு சாய்ந்த வில்லோ மரத்தின் கீழ், வேகமும் மெதுவும் சந்திக்கும் ஓரம், பாலத்தின் நிழல், நீர்ச்செடிப் படுகைக்கு நடுவே உள்ள சந்து. முதல் ஒரு மணி நேரம் தூண்டிலையே எடுக்காமல் இப்படி ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் ரொட்டித் துணுக்கு போட்டுக்கொண்டே மேலே நடங்கள். பிறகு முதலில் போட்ட இடத்துக்குத் திரும்பி வாருங்கள். ஆள் வந்து போனதை மீன் மறந்து, பயமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். அப்போது முள்ளில் ரொட்டியின் ஓரத்துண்டு ஒன்றை வைத்து, குண்டு எதுவும் இல்லாமல், நீரோட்டத்தில் மிதக்க விடுங்கள். வெள்ளை உதடு மேலே வந்து ரொட்டியைக் கவ்வும். பார்த்த உடனே இழுக்காதீர்கள், எல்லாரும் இங்கேதான் விடுவார்கள். வாய் மூடி, திரும்பி, நரம்பு நகர ஆரம்பித்த பின் தூக்குங்கள்.

ஒரு இடத்தில் ஒரு மீன் பிடித்தால் அந்த இடம் முடிந்தது, குறைந்தது அரை மணி நேரத்துக்கு. நகருங்கள்.

மதியம் சாப்பிட நிழல் தேடுங்கள். புளிசாதம், எலுமிச்சைச் சாதம் நன்றாகத் தாங்கும், நண்பருக்கும் சேர்த்துக் கட்டுங்கள், அவர் கொண்டுவருவது பெரும்பாலும் காய்ந்த சாண்ட்விச்தான். ஸ்பூன் மறக்காதீர்கள், ஏன் என்பது பத்தாவதில்.

9. மீன் மாட்டிய பிறகு

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். முடிந்தவரை வலைக்குள்ளேயே, தண்ணீரிலேயே முள்ளை எடுங்கள். படம் வேண்டுமென்றால் தொலைபேசியை முதலில் தயாராக்கிவிட்டு அப்புறம் மீனைத் தூக்குங்கள், விரிப்புக்கு மேலே, தாழ்வாக. வெயில் நாளில் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, களைத்த மீன் சட்டென்று விட்டால் மல்லாந்துவிடும். முகம் நீரோட்டத்தை எதிர்த்திருக்கும்படி வலையில் தாங்கிப் பிடித்து, தானாக உதறி நீந்தும் வரை காத்திருங்கள். பார்பெல்லுக்கு இது பல நிமிடம் ஆகும். கொளுத்தும் வாரத்தில் பார்பெல்லைத் தேடிப் போகாமல் இருப்பதே நியாயம்.

சப் மீனின் தொண்டையில் பல் உண்டு, விரலை உள்ளே விடாதீர்கள். பெர்ச்சின் முதுகுத் துடுப்பும் செவுள் ஓரமும் குத்தும். ஊரில் கெளுத்தி பிடித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

10. உடம்பு

ஆற்றோரம் எலி உண்டு, அதன் சிறுநீர் வழியாக வெய்ல்ஸ் நோய் வரலாம், நம்மூரில் எலிக்காய்ச்சல் என்பார்களே, அதுதான். கையில் வெட்டு இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். போய்வந்த சில நாள் கழித்துக் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால் மருத்துவரிடம் ஆற்றுக்குப் போனதைச் சொல்லுங்கள், நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது.

வெள்ளைக் குடைபோல் பூத்து ஆள் உயரத்துக்கு மேல் வளரும் ஜயன்ட் ஹாக்வீட் செடியைத் தொடாதீர்கள். அதன் பால் பட்ட இடம் வெயிலில் கொப்பளிக்கும். நெட்டில் செடி எங்கும் இருக்கும், முழுக்கால் சட்டைதான் வழி, உண்ணிக்கும் அதுவே. மின்கம்பிக்கு 30 மீட்டருக்குள் தூண்டிலை நிமிர்த்தாதீர்கள், கார்பன் தூண்டில் மின்சாரம் கடத்தும், ஆள் செத்திருக்கிறார்கள். வயலில் கன்றோடு பசு நின்றால் இரண்டுக்கும் நடுவே போகாமல் சுற்றிப் போங்கள், நீங்கள் திறந்த கேட்டை மூடுங்கள். பலத்த மழை பெய்த மறுநாள் கழிவுநீர் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருக்கலாம், தண்ணீர் நிறுவனங்களின் நேரடி வரைபடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டால் ஏஜென்சியின் 0800 80 70 60 எண்ணுக்குச் சொல்லுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

11. திரும்பிய பிறகு

அறுந்த நரம்பை ஒரு துண்டுகூடக் கரையில் விடாதீர்கள், பறவைகள் சிக்கும். வலையையும் விரிப்பையும் செருப்பையும் கழுவி முழுக்கக் காயவைத்த பிறகே வேறொரு ஆற்றுக்கு எடுத்துப் போகலாம், ஈரத்தோடு போனால் ஒரு ஆற்றின் நோயும் வேண்டாத உயிர்களும் அடுத்த ஆற்றுக்குப் போய்ச் சேரும். மிச்ச மேகட்டை அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டுவிட்டுக் குப்பையில் சேருங்கள், மறந்தால் வீடு முழுக்க ஈ.

சாமான் இரவல் என்றால் ஒரு நாள் உரிமம், சீட்டு, ரயில், இரை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 30-லிருந்து 50 பவுண்டுக்குள் முடிந்துவிடும். அடுத்த பயணம் என்றைக்கு என்று நண்பரோடு அன்றிரவே பேசிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைச் சீட்டுகள் எண்ணிக்கை வைத்து விற்கிற சங்கங்களில் வெள்ளிக்கிழமை தேடினால் கிடைக்காது, புதன்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்.